அழுகையும் முப்பதாயிரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரும் வன்முறைக்குப் பிறகான நீதி பற்றி ஆய்வு செய்கிறேன். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் 1996இல் ஒருவர் சாட்சி சொல்லும்போது, ஆணையத் தலைவர் பேராயர் டூட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். அந்தக் காட்சியைப் பார்த்து நானும் அழுதேன். ஒரு தேசம் மன்னிக்க முடியும் என்பதற்கு அது போதாதா? எந்தக் கோட்பாட்டிலிருந்து தொடங்கட்டும்?

ச.

அன்புள்ள ச.,

அழுதீர்களே, சந்தோஷம். கல்நெஞ்சோடு இந்த ஆய்வுக்கு வருபவர்களைக் கண்டால் எனக்குப் பயம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டத்தைப் படித்தீர்களா? கடிதத்தில் அதற்கான தடயமே இல்லை. கோட்பாட்டை உங்கள் நெறியாளர் பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

ஆணையத்தை அமைத்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமன்னிப்பு கேட்டு வந்தவரிடம் முக்கியமாக எதிர்பார்த்தவை இரண்டு: குற்றத்துக்கு அரசியல் நோக்கம் இருக்க வேண்டும், நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும். வருந்த வேண்டும் என்று கேட்கவில்லை. அதுகூட எனக்குச் சம்மதம்தான், நடிக்கும் வேலையாவது மிச்சம். மன்னிப்பு கிடைத்துவிட்டால் குற்ற வழக்கு போயிற்று. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையும் சேர்ந்து போயிற்று! போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீகோவின் குடும்பத்தினர் உட்படச் சிலர் இதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். 1996இல் தோற்றார்கள்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி, "சரி, கையைக் கொடுங்கப்பா" என்பார்கள். கட்டுப்போட்ட கையோடு ஒருவன் நிற்பான். வைத்தியச் செலவு யாருடையது என்று கேட்டால், "நல்ல காரியம் நடக்கிற இடத்தில் காசைப் பற்றிப் பேசாதே" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்த அதட்டல் இப்போது பல்கலைக்கழகங்களிலும் கேட்கிறது.

காசைப் பற்றியே பேசுவோம். பாதிக்கப்பட்டவருக்கு ஆண்டுக்குச் சுமார் 17,000 முதல் 23,000 ராண்ட், ஆறு ஆண்டுகளுக்குத் தரலாம் என்று ஆணையம் 1998இல் பரிந்துரைத்தது. இடையில் சிறு அவசர உதவி போனது, அவ்வளவுதான். 2003இல்தான் அரசு முடிவு சொன்னது: ஒரே தடவை, 30,000 ராண்ட். நிறவெறிக் காலத்தில் கொழுத்த தொழில் நிறுவனங்கள்மேல் வரி போடலாம் என்ற யோசனையை அப்போதைய அதிபர் ம்பெக்கியின் அரசு ஏற்கவில்லை. குற்றவாளிக்கான விடுதலை அன்றே கிடைத்தது, விதவைக்கான பணத்துக்கு மட்டும் வரவுசெலவுத் திட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

தேசம் மன்னித்ததா என்று கேட்டீர்கள். மன்னித்த சில தாய்மார்களைப் பற்றி வாசித்திருக்கிறேன், அவர்களை வணங்குகிறேன். அவர்கள் கணக்கில் தேசம் பெயர் வாங்கிக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. ஆணைய அறிக்கையில் இழப்பீடு பற்றிய பகுதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். டூட்டுவின் கண்ணீரைப் பற்றி அப்புறம் பேசலாம்.