துபாயில் 14,000 திர்ஹம் சம்பளம்: கோவையை விட்டுப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். பிடித்தம் போகக் கையில் 1,05,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 35,000. மகள் இரண்டாம் வகுப்பு. சொந்த வீட்டுக்கு மாதம் 27,000 ரூபாய் தவணை. பொள்ளாச்சி பக்கம் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 10,000 அனுப்புகிறேன். இவை போக வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 55,000 ஆகும். இப்போது துபாயில் ஒரு கம்பெனி மாதம் 14,000 திர்ஹம் தருவதாகச் சொல்கிறது. வாடகை, பள்ளி எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் 3,22,000 ரூபாய், அதுவும் வரி இல்லாமல். மூன்று மடங்கு! குடும்பத்தோடு கிளம்பலாம் என்று நினைக்கிறோம். மாமனார் மட்டும் வேண்டாம் என்கிறார். என் கணக்கு சரியா?

பதில்: பெருக்கல் சரி. ஆனால் பெருக்கிய இடம் தப்பு.

துபாயில் வாங்கும் சம்பளத்தில் துபாயிலேயே செலவாகும் பணத்துக்கு ரூபாய்க் கணக்கே கிடையாது. அது திர்ஹமாக வந்து திர்ஹமாகவே போய்விடும். வீட்டுக்காரருக்கும் பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவது எவ்வளவோ, அதை மட்டும்தான் 23-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கி வந்த தொகையைக் கோவையில் இப்போது மிச்சமாகும் தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு சம்பளத்தை ஒப்பிட்டால் எப்போதும் வெளிநாடுதான் ஜெயிக்கும். மிச்சத்தோடு மிச்சத்தை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

நகரங்களின் விலைவாசிப் பட்டியல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். மெர்சர் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட பட்டியலில் துபாய் 15-ஆம் இடம், சென்னை 189-ஆம் இடம். இந்தப் பட்டியல்கள் பெரிய கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது படி நிர்ணயிப்பதற்காகப் போடப்படுபவை. பொன்னி அரிசியும் துவரம் பருப்பும் வாங்கி வீட்டில் சமைக்கும் குடும்பத்தின் செலவு அதில் தெரியாது. ஆகவே உங்கள் வீட்டுக் கணக்கையே போடுவோம்.

முதலில் துபாய். நீங்கள் அல் நஹ்தா பகுதியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் என்று விசாரித்துச் சொன்னீர்கள். மாதத்துக்கு 5,000. அதோடு முடியாது. ஆண்டு வாடகையில் 5 சதவீதம் ஹவுசிங் ஃபீ என்று நகராட்சிக்குப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மின்சார வாரியத்தின் பில்லில் சேர்த்துவிடுவார்கள். அங்கே அதை 'தேவா பில்' என்பார்கள். நான் துபாய் போன புதிதில் முதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மின்சாரத்துக்கு ஒரு தொகை, தண்ணீருக்கு ஒரு தொகை, கழிவுநீருக்கு ஒரு தொகை. அதற்குக் கீழே, மின்சாரத்தைவிடப் பெரிய தொகையாக இந்த ஹவுசிங் ஃபீ. தப்பாக வந்துவிட்டது என்று எதிர் வீட்டு மலையாளி அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தன் பில்லை எடுத்து அதிலும் ஹவுசிங் ஃபீ இருப்பதைக் காட்டினார். உங்கள் வாடகைக்கு இது மாதம் 250 திர்ஹம் வரும்.

வீடு பார்க்கும்போது 'சில்லர் ஃப்ரீயா?' என்று கட்டாயம் கேளுங்கள். ஆம் என்றால் ஏசி குளிரூட்டும் செலவு வாடகையிலேயே அடக்கம். இல்லை என்றால் சில கட்டடங்களில் அதற்குத் தனிக் கம்பெனி, தனி பில், தனி டெபாசிட். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏசியை நிறுத்தவே முடியாது. 3,000 திர்ஹம் வாடகை குறைவு என்று பிடித்த வீடு, அந்த நான்கு மாதத்தில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

சரி, மற்ற செலவுகள். மின்சாரம், தண்ணீர் சராசரியாக 450. வீட்டு இன்டர்நெட்டும் இரண்டு செல்போனும் 450. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு நீங்கள் சொன்ன ஆண்டுக் கட்டணம் 13,800, பஸ்ஸுக்கு 4,800, ஆக மாதம் 1,550. மளிகை, காய்கறி, பால், மீன் 1,700. வெள்ளிக்கிழமை வெளியே சாப்பாடு, மகளைப் பார்க்குக்கு அழைத்துப் போவது எல்லாம் 500. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் எல்லா மண்டலங்களுக்கும் செல்லும் 30 நாள் நோல் பாஸ் 350, எப்போதாவது டாக்ஸிக்கு 150. கார் வேண்டாம், முதல் ஆண்டு நிச்சயமாக வேண்டாம். மனைவி, மகள் விசாவுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆகும் பணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 400. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று பேருக்கும் விமான டிக்கெட், அதுவும் பள்ளி விடுமுறையில், மாதக் கணக்கில் 400. துணிமணி, மருந்து, பிறந்தநாள் என்று 400.

கூட்டினால் 11,600 திர்ஹம். மிச்சம் 2,400. இதைத்தான் 23-ஆல் பெருக்க வேண்டும்: 55,200 ரூபாய்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. துபாயில் ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது கம்பெனியின் சட்டப் பொறுப்பு. குடும்பத்துக்கு எடுப்பது உங்கள் பொறுப்பு. கம்பெனி குடும்பத்தையும் சேர்க்கிறதா என்பதை ஆஃபர் லெட்டரில் தேடுங்கள். விடுமுறைக்கு ஊர் வர ஆண்டு டிக்கெட் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இல்லை. லெட்டரில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இப்போது ஊர்ப் பக்கம். நீங்கள் விமானம் ஏறினாலும் வங்கித் தவணை 27,000 நிற்காது, அப்பா அம்மாவுக்கு அனுப்பும் 10,000 நிற்காது. 55,200-ல் 37,000 போனால் 18,200. கோவை வீட்டை வாடகைக்கு விட்டு 15,000 வந்தால் 33,200. (வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது குடியிருப்பவரின் கடமை. ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.)

அமீரகத்தில் நமக்கு பி.எஃப். இல்லை. கிராஜுவிட்டி உண்டு. ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம் சேரும். இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. அது மொத்தச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதில்லை, பேசிக்கில்தான். உங்கள் 14,000-ல் பேசிக் 6,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆண்டுக்கு 4,200 திர்ஹம், மாதக் கணக்கில் சுமார் 8,000 ரூபாய். வேலை போனால் தரும் காப்பீட்டுப் பணமும் பேசிக்கில் 60 சதவீதம்தான், அதிகபட்சம் மூன்று மாதம். அதனால் மொத்தத் தொகைக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள், பேசிக்குக்கும் பேசுங்கள். 14,000-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பேசிக்கை 8,400 ஆக்கச் சொல்லிக் கேட்டால், கம்பெனிக்கு இன்றைக்குக் கைவிட்டு எதுவும் போகாது. உங்களுக்கு ஐந்து ஆண்டில் நல்ல தொகை சேரும்.

ஆக, துபாயில் மொத்தச் சேமிப்பு மாதம் சுமார் 41,000 ரூபாய்.

கோவையில் இப்போது என்ன? இருவர் சம்பளமும் சேர்த்து 1,40,000. செலவு 92,000. கையில் 48,000 நிற்கிறது. உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாக பி.எஃப்.-ல் சேரும் 12,000-ஐக் கூட்டினால் 60,000.

மூன்று மடங்கு சம்பளம் என்று தெரிந்த வேலையில், மாதம் 19,000 ரூபாய் குறைவாகச் சேமிப்பீர்கள். எங்கே போனது பணம்? அந்த 19,000-ஐவிடப் பெரிய தொகை உங்கள் மனைவியின் சம்பளமாகப் போனது. அந்த 35,000 ரூபாயும், மாதாமாதம் கூடிக்கொண்டு போகும் அவரது அனுபவமும் நின்றுவிடுகின்றன. என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கணவரின் சம்பளத்தை மட்டும் எழுதி, மனைவி 'வேலையை விட்டுவிடுவார்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு சொல்லுக்கு உங்கள் வீட்டில் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் விலை. இதைத் தயவுசெய்து அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மனைவி அங்கே வேலைக்குப் போகலாம், கணவர் விசாவில் இருந்தபடியே தொழிலாளர் அனுமதி வாங்கினால் போதும். பி.எட். முடித்திருந்தால் சான்றிதழ்களுக்கு இந்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் வரை முத்திரை வாங்கும் வேலையை இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே போன பிறகு செய்தால் செலவும் கூடும், மாதக்கணக்கில் இழுக்கும். அவருக்கு 4,000 திர்ஹம் கிடைத்தால்கூட இந்தக் கணக்கு முழுக்கத் திரும்பிவிடும். ஆனால் அந்த வேலை கையில் வரும்வரை அதைக் கணக்கில் எழுதாதீர்கள்.

சரி, எவ்வளவு கேட்கலாம்? இன்றைய நிலையைத் தொடவே சுமார் 14,800 திர்ஹம் வேண்டும். ஊரை விட்டு, பெற்றோரை விட்டுப் போவதற்கு மாதம் 50,000 ரூபாயாவது கூடுதலாக நிற்க வேண்டும் என்று நினைத்தால் 17,000. இல்லையென்றால் 14,000-க்கு மேல் குடும்பக் காப்பீடு, ஆண்டு டிக்கெட், பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சம்பளத்தை ஏற்ற முடியாது என்று சொல்லும் கம்பெனிகள் இவற்றைத் தருவதுண்டு.

ஷார்ஜாவில் வீடு எடுத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். வாடகை கணிசமாகக் குறையும், உண்மைதான். ஆனால் காலையும் மாலையும் அல் இத்திஹாத் சாலையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மெட்ரோ ஷார்ஜாவுக்குப் போகாது. கடைசியில் கார் வாங்குவீர்கள், சாலிக் சுங்கம் ஒவ்வொரு வாயிலுக்கும் நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம். அலுவலகம் எந்த இடம் என்று தெரிந்த பிறகு இதை முடிவு செய்வதே நல்லது.

தனியாகப் போனால் கணக்கே வேறு. கராமாவிலோ பர் துபாயிலோ அறையைப் பகிர்ந்துகொண்டு, சாப்பாடும் சேர்த்து மாதம் 4,500 திர்ஹத்தில் வாழலாம். 9,500 திர்ஹம் ஊருக்கு வரும், 2,18,500 ரூபாய். மனைவியின் சம்பளமும் நிற்காது. அரை நூற்றாண்டாக நம் ஆட்கள் வளைகுடாவுக்குத் தனியாகப் போய் வீடு கட்டியது இந்தக் கணக்கில்தான். பலகை வைத்துத் தடுத்த பார்டிஷன் அறைகள் மட்டும் வேண்டாம். சட்டவிரோதம், தீ விபத்து ஆபத்தும் உண்டு. ஏழு வயது மகள் இருக்கும்போது ஆண்டுக்கணக்கில் தனியாக இருக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். ஆனால் முதல் ஆறு மாதம் தனியாக இருங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சோதனைக் காலம் ஆறு மாதம் வரை போகலாம். அதற்குள் வேலை ஒத்துவரவில்லை என்றால் குடும்பத்தோடு திரும்புவது பெரிய இழப்பு. இன்னொன்று, கையிருப்பு. வாடகையை மாதாமாதம் கட்டும் வழக்கம் அங்கே குறைவு, ஆண்டு வாடகையை நான்கு செக்காகப் பிரித்துக் கொடுப்பது சாதாரணம். வீட்டுச் சாவி வாங்கும் அன்றைக்கு முதல் செக் 15,000, டெபாசிட் 3,000, ஏஜென்டுக்கு 3,000, தேவா டெபாசிட் 2,000 என்று 23,000 திர்ஹம் வேண்டும். 5,29,000 ரூபாய். கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், குடும்ப விசா எல்லாம் இதற்கு மேல். இதைக் கடன் அட்டையில் வாங்கித் தொடங்கியவர்கள் இரண்டு ஆண்டு அந்தக் கடனையே கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் தனியாக இருந்தால் இந்தப் பணம் அங்கேயே சேர்ந்துவிடும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கேயும் ஏப்ரலில்தான் தொடங்குகின்றன. மகளும் இந்த வகுப்பைக் கோவையிலேயே முடிப்பாள்.

கிளம்பும் தேதியையும் பாருங்கள். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர். செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அக்டோபரில் கிளம்பினால் அந்த ஆண்டு மார்ச் வரை வாங்கும் திர்ஹமும் இந்திய வருமானத்தோடு சேரும். போனதும் உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றி, ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி கிடையாது.

ரூபாய் இன்னும் இறங்கும், அப்போது லாபம்தானே என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2008 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் 11 ரூபாய்க்கும் கீழே இருந்தது, இன்று இரு மடங்குக்கு மேல். ஆனால் அந்த ஏற்றம் மிச்சம் வைத்தவருக்குத்தான் பயன்பட்டது. 2,400 மிஞ்சும் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் ஏறினால் மாதம் 2,400 ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

இந்த வாரம் கம்பெனிக்கு எழுதுங்கள்: பேசிக் எவ்வளவு, குடும்பக் காப்பீடு உண்டா, ஆண்டு டிக்கெட் எத்தனை பேருக்கு, சோதனைக் காலம் எத்தனை மாதம், அலுவலகம் எந்தப் பகுதி. பதில் எழுத்தில் வரட்டும். வந்ததும் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, நீங்களும் மனைவியும் மாமனாரும் சேர்ந்து பாருங்கள்.