எட்டு லட்சம் ரூபாய்க்குள் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு எந்தப் பழைய ஏழு இருக்கை வண்டியை வாங்கலாம்?

கோவையில் வசிக்கும் நீங்கள், மனைவி, ஐந்து வயது மகன், இன்னும் சில மாதங்களில் பிறக்கவிருக்கும் குழந்தை, உடன் இருக்கும் அப்பா, அம்மா என ஆறு பேருக்கு, எட்டு லட்சம் ரூபாய்க்குள் ஒரு பழைய வண்டி கேட்டிருக்கிறீர்கள். நகருக்குள் அன்றாட ஓட்டமும், பண்டிகை விடுமுறைகளில் திருநெல்வேலிக்குப் போய்வருவதும்தான் அதன் வேலை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு என் பதில்: 2018 நவம்பரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை மாருதி எர்டிகா, பெட்ரோல், மேனுவல் கியர், ஓன் போர்டில், அதாவது சொந்தப் பயன்பாட்டுப் பதிவில், ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டி. உங்களுடையதைப் போன்ற ஒரு குடும்பத்துக்காக நானும் அந்த வண்டியைத்தான் பழையதாக வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம். காரணங்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வண்டியைத் தேடத் தொடங்குமுன், யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கள் ஓட்டுவீர்கள், அப்பா முன்னிருக்கையில். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது நம் ஊரில் வழக்கம்தான் என்றாலும், வேகத்தில் போகும் வண்டி திடீரென்று நின்றால் எந்தத் தாயாலும் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த இயலாது. ஆகவே பின்நோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கை ஒன்று வேண்டும். அதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நடுவரிசையின் ஓர இருக்கைகளில்தான் இருக்கும். குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டால் அந்தப் பக்க இருக்கையை மடக்கி மூன்றாம் வரிசைக்கு வழிவிட முடியாது. எனவே அதை ஓட்டுநருக்குப் பின்னால் வலப்பக்கம் பொருத்தி, சாலையோரமாக இறங்கி ஏறும் இடப்பக்கத்தை மடங்கக்கூடியதாக விட்டுவைப்பதே சரி. குழந்தைக்குப் பக்கத்தில் மனைவி, இடது ஓரத்தில் அம்மா. நடுவரிசை அத்தோடு நிறைந்துவிட்டது. மகனுக்கு மூன்றாம் வரிசைதான்.

இந்தக் கணக்கிலிருந்தே பல முடிவுகள் தாமாக வந்துவிடுகின்றன. உங்கள் வீட்டில் மூன்றாம் வரிசை என்பது எப்போதாவது வரும் விருந்தினருக்கானது அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சிறுவன் மணிக்கணக்கில் உட்காரும் இடம். அங்கே ஒழுங்கான சீட் பெல்ட்டும், குளிர்ந்த காற்றும், வெளியே பார்க்க ஜன்னலும் வேண்டும். ஒருவர் மட்டுமே உட்காருவதால் மூன்றாம் வரிசையின் மறுபாதியை மடக்கிப் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த வரிசை சரிபாதியாகப் பிரிந்து மடங்க வேண்டும். எர்டிகாவில் அப்படித்தான் மடங்குகிறது. மூன்று வரிசையும் நிமிர்ந்து நிற்கும்போது இரண்டாம் தலைமுறை எர்டிகாவில் மிஞ்சும் டிக்கி இடம் 209 லிட்டர். 2012இல் வந்த முதல் தலைமுறையில் இது 135 லிட்டர்தான், அதாவது பள்ளிப் பைகள் வைக்கலாம், ஊருக்குப் போகும் பெட்டிகள் வைக்க முடியாது. விலை குறைவு என்று பழைய எர்டிகாவை நோக்கிப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

ஏசியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எர்டிகாவின் பின்வரிசைகளுக்குக் கூரையில் உள்ள ஊதுவான்தான் காற்றைத் தள்ளுகிறது. அடிப்படை வகையான எல்எக்ஸ்ஐயில் அது இல்லை. நம் ஊர் வெயிலில் அது இல்லாத ஏழு இருக்கை வண்டி, பெயருக்குத்தான் ஏழு இருக்கை வண்டி. விஎக்ஸ்ஐ அல்லது அதற்கு மேற்பட்ட வகையையே பாருங்கள்.

பாதுகாப்பில் இந்த வண்டி சிறந்தது என்று சொல்ல மாட்டேன். கார்களை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்கேப் சோதனையில் 2019இல் மூன்று நட்சத்திரம் பெற்றது. விதிகளைக் கடுமையாக்கிய பின் 2024இல் வெளியான முடிவில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா வகையிலும் உண்டு. உங்களுக்குப் பாதுகாப்பே முதன்மை என்றால், 2018இல் நான்கு நட்சத்திரம் வாங்கிய மஹிந்திரா மராசோவை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். டீசல் வண்டி, அகலமானது, பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வசதியானது. சந்தையில் அவ்வளவாக எடுபடாததால் பழையதில் விலையும் இறங்கியிருக்கும். உங்களைப் போல வாங்கி நீண்டகாலம் வைத்திருப்பவர்களுக்கு அது நல்லதே.

டொயோட்டா இன்னோவாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது, ஏனெனில் உங்கள் உறவினர்களில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கச் சொல்வார்கள். சொல்வதில் தவறில்லை. 2005இல் குவாலிஸுக்குப் பதிலாக வந்த அந்த வண்டி பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பது தமிழ்நாட்டு டிராவல்ஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. 2016இல் வந்த அடுத்த தலைமுறையான இன்னோவா கிறிஸ்டா உங்கள் தொகைக்குள் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அதற்கு முந்தைய 2.5 லிட்டர் டீசல் வண்டிதான் கிடைக்கும், அதுவும் பத்து வயதைக் கடந்ததாகவும் நிறைய ஓடியதாகவும் இருக்கும். டி போர்டில், அதாவது வாடகை வண்டியாக, ஓடிய வண்டியை ஓன் போர்டுக்கு மாற்றி, சீட் கவர் போட்டு விற்பதும் உண்டு. அந்த 2.5 லிட்டர் எஞ்சினில், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இருக்கிறது. மாற்றியதற்கான பில் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் குறைத்துப் பேசுங்கள். டீசல் வண்டியின் ஆதாயம் நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுபவர்களுக்குத்தான். கோவையின் சிக்னல்களுக்கிடையே அது கைகூடாது.

ரெனோ டிரைபர் 2019 ஆகஸ்டில் வந்தது. உங்கள் தொகையில் பாதியைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்தாலே நல்ல வண்டி கிடைக்கக்கூடும். 2021 சோதனையில் நான்கு நட்சத்திரம், மூன்றாம் வரிசைக்குத் தனி ஏசி துவாரங்கள், வேண்டாதபோது அந்த இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடும் வசதி என நான்கு மீட்டருக்குள் நிறைய யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு லிட்டர், 72 குதிரைத்திறன் எஞ்சின் ஆறு பேரையும் சாமான்களையும் ஏசியையும் சுமந்துகொண்டு ஊட்டி மலையில் ஏறும்போது படும் பாட்டைப் பார்த்தவர்கள் யோசிப்பார்கள். ஏழு பேர் உட்கார்ந்தால் டிக்கி 84 லிட்டர். பெற்றோர் உங்களுடன் நிரந்தரமாக இல்லாமல் எப்போதாவது வந்துபோகிறவர்களாக இருந்திருந்தால் நான் டிரைபரைத்தான் சொல்லியிருப்பேன்.

செவ்ரோலே என்ஜாய், நிசான் எவாலியா, ரெனோ லாட்ஜி, ஹோண்டா மொபிலியோ போன்றவை மிகக் குறைந்த விலையில் கண்ணில் படும். லாட்ஜியின் டீசல் எஞ்சின் டஸ்டரிலும் இருந்தது என்பதால் எஞ்சின் பாகங்கள் கிடைக்கும். ஆனால் ஒரு ஹெட்லைட்டோ கதவோ உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டியால் பயனில்லை.

நிறுவனமே பொருத்திய சிஎன்ஜி எர்டிகாவும் உண்டு. எரிபொருள் செலவு குறையும் என்பது உண்மை. சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும் என்பதும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு ஹைட்ரோ டெஸ்ட் என்ற அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. உங்கள் இருக்கைக் கணக்குக்கு அது ஒத்துவராது.

இனி, பார்க்கப் போகும் வண்டியைப் பற்றி. மீட்டரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். குறைத்து வைப்பது எளிது. உரிமையாளரிடம் கேட்டு சர்வீஸ் பதிவுகளை வாங்கி, ஒவ்வொரு தேதியிலும் எத்தனை கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். கிளட்ச் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் மூன்றும் தேய்ந்திருந்தும் மீட்டர் முப்பதாயிரம் காட்டினால் அந்த இடத்திலேயே விடைபெற்றுவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. சென்னைப் பதிவெண் கொண்ட வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று தவறாமல் பாருங்கள்: சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தால் சேற்றுக் கறை தெரியும், இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு இருக்கும், தரைவிரிப்பைத் தூக்கினால் வாடை வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தைவிட 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் வெள்ளம்தான் நீங்கள் பார்க்கும் வயதுள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். எஞ்சினுக்குச் சிறிது மின்சக்தி உதவி தரும் எர்டிகாவின் எஸ்ஹெச்விஎஸ் அமைப்புக்கு வழக்கமான பேட்டரியோடு சிறிய லித்தியம் பேட்டரி ஒன்றும் உண்டு. அதை மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை என்பதால், எச்சரிக்கை விளக்கு ஏதும் எரியாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். அம்மாவையும் மகனையும் அழைத்துப் போய், குழந்தை இருக்கையைக் கடன் வாங்கியாவது பொருத்தி, அம்மா முழங்கால் வலியில்லாமல் ஏறி இறங்குகிறாரா என்றும், மகன் பின்வரிசைக்குத் தானாகப் போக முடிகிறதா என்றும் பாருங்கள். குழந்தை இருக்கை பின்னால் இருக்கும்போது உங்கள் இருக்கையை எவ்வளவு தள்ள முடிகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். நடுவரிசையின் மைய இருக்கைக்குப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டுமே இருக்கும் என்பதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாள்களில் அவசரம் கூடாது. மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி, எஃப்சி, இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். அபராத பாக்கியைத் தனியாகப் பாருங்கள். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். டெல்லியில் பத்து வயதான டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் இங்கே வந்திருக்கின்றன. அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுக்கான ஆயுள் வரியும் கட்டிய பின் அந்த மலிவில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக விற்பவர் சேர்த்துவைத்த பிரீமியம் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவருக்குரியது, வண்டியோடு வராது. எனவே மாற்றும்போது கூடுதலாகக் கொஞ்சம் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். எட்டு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், இதற்கும் டயர், பேட்டரி, ஆயில், பிரேக் வேலைகளுக்குமாக அரை லட்சத்தையாவது ஒதுக்கி வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.