பின்லாந்தின் வெண்ணெயும் மாரடைப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித்தானே சமைக்கிறார்கள், ஐயா? பிறகு கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?

எல்லாக் கொழுப்பையும் சொல்லவில்லை. உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடி 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட்டும் இருந்தது, கிழக்குப் பின்லாந்தும் இருந்தது. இரு இடத்தாரும் கொழுப்பு மிகுதியாக உண்டவர்கள்தான். கிரீட்டில் அது ஆலிவ் எண்ணெய். பின்லாந்தில் வெண்ணெயும் ஆடை எடுக்காத பாலும். இதய நோய் கிரீட்டில் அரிது. கிழக்குப் பின்லாந்திலோ நடுவயது ஆண்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள்.

அப்படி என்னதான் சாப்பிட்டார்கள்?

கிழக்குப் பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்துப் பலகாரம் ஒன்றைச் சொல்கிறேன். ரை என்ற தானியத்தின் மாவை மெல்லிய அப்பளமாகத் தேய்த்து, நடுவில் பாலில் குழைய வெந்த அரிசியை வைத்து, ஓரத்தைக் கொசுவிச் சுடுவார்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் உருக்கிய வெண்ணெய் பூச்சு. உண்ணும்போது முட்டையோடு மசித்த வெண்ணெய் மேலே. ரொட்டிக்கும் வெண்ணெய், வதக்கவும் வெண்ணெய். காய்கறியை மாட்டுத் தீவனம் என்று ஒதுக்கினார்கள். ஆண்களில் பாதிப்பேர் புகைபிடித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு எப்படி மாறினார்கள்?

இந்த இறப்புகளைக் குறைக்க உதவுமாறு 1971இல் அந்த மாகாணத்தாரே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் திட்டம் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது மார்த்தா மகளிர் சங்கத்தின் பங்கு. ஊர்ப் பெண்கள் மாலையில் கூடி, வழக்கமான இறைச்சிக் குழம்பையே கொழுப்பைக் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் ஊருக்கு ஊர் போட்டி நடந்தது. பால் பண்ணைக்காரர்களின் பிழைப்பு கெடாமலிருக்க பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஊக்கம் தந்தார்கள். உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு நாற்பது ஆண்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. புகை குறைந்ததும் சிகிச்சை வளர்ந்ததும் உதவின. ஆனால் பெரும்பங்கு கொலஸ்ட்ரால் இறங்கியதற்கே உரியது.

செலினியம் மாத்திரை இதயத்துக்கு நல்லதாமே, வாங்கலாமா?

வேண்டாம். பின்லாந்து மண்ணில் செலினியம் என்ற தாதுச் சத்து குறைவு. இதய நோய்க்கு அதுவே காரணமோ என்ற ஐயம் அங்கும் எழுந்தது. 1980களின் நடுவில் நாடு முழுவதும் உரத்திலேயே அதைக் கலந்தார்கள். மக்களின் ரத்தத்தில் செலினியம் நன்றாக உயர்ந்தது. ஆனால் இதய இறப்பு அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. தனிச் சத்து ஒன்றைக் கைகாட்டும் விளம்பரங்களை நம்பிக் காசை இழக்காதீர்கள்.

காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. காபித் தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடித்தால், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் கொலஸ்ட்ராலை உயர்த்தும். பின்லாந்தில் அப்படிக் குடித்தவர்கள் பின்னர் காகித வடிகட்டிக்கு மாறினார்கள். நம் வீட்டு உலோக ஃபில்டர் காகிதத்தைப் போல அதைத் தடுத்து நிறுத்தாது. நாளுக்கு ஒன்றிரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். உணவைச் சரிசெய்துவிட்டோம். மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது, அம்மா. ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காப்பது அந்த மாத்திரைதான். மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.