மானியம் வந்த பிறகும் ஏன் இருட்டு? - வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மலைக் குடியிருப்புகளுக்கு வரும் அரசு மானியம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நம் நெல்லைச் சீமையின் மலையடிவாரத்துப் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கடையம் பக்கமிருந்து நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. மற்ற விஷயங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்த முறை மலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, நாங்கள் பாபநாசம் மேலணைப் பக்கம் காணிப் பழங்குடிக் குடியிருப்பு. சில வருஷம் முன்னால் வீட்டுக்கு ஒரு சோலார் விளக்கு மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மறுபடி மனுப் போட்டால், 'உங்களுக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாச்சே' என்கிறார்கள். யாரிடம் கேட்பது?

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொரு குடியிருப்பு ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே கதைதான். ஒரு வீட்டில் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே கட்டெறும்பு கூடு கட்டியிருந்தது, வயர் மாட்டும் முனை இரண்டும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய்க் கிடந்தது, மூடியைக் கழற்றினால் தகடு வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. 'தண்ணி குறைஞ்சா ஊத்தணும்னு சொன்னாங்க, ஊத்துத் தண்ணிதான் ஊத்தினோம்' என்றார் அந்த வீட்டுப் பாட்டி. டிஸ்டில்டு வாட்டர் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. அப்புறம் வெளியே வந்து பேனலைப் பார்த்தேன். அதை மாட்டும்போது பக்கத்தில் நின்ற பலாக்கன்று இப்போது மரமாகி, காலை பத்து மணி முதலே பேனலின் பாதியில் நிழல் விழுந்துகொண்டிருந்தது. பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் கணிசமாகக் குறைந்துவிடும், பாதி மறைந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பாட்டி எரியாத பல்பைத் தூக்கிப் போடாமல், துணியில் சுற்றி, மரச்சீனி காய வைக்கும் முறத்துக்கு மேலே பரணில் பத்திரமாக வைத்திருந்தார். என்றைக்காவது யாராவது வந்து சரி பண்ணுவார்கள் என்று.

ஆக, பழுதானது பெரும்பாலும் பேட்டரிதான். பேனல் இருபது வருஷத்துக்கு மேலேயும் உழைக்கும். நல்ல கவனிப்பு இருந்தாலும் ஈய பேட்டரிக்கு ஆயுள் நாலைந்து வருஷம்தான். அதனால் 'விளக்கு வேண்டும்' என்று மனு எழுதாதீர்கள், அப்படி எழுதினால் 'கொடுத்தாச்சு' என்ற பதில்தான் வரும். 'இத்தனை வீடுகளில் கொடுத்த விளக்குகளுக்குப் பேட்டரி மாற்றித் தர வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலும் தர வேண்டும்' என்று எழுதுங்கள். இது மாதிரி சோலார் டெண்டர்களில் சில வருஷப் பராமரிப்பும் விலைக்குள்ளேயே சேர்ந்திருப்பது வழக்கம். அதாவது அந்தக் காசையும் அரசு கொடுத்திருக்கக்கூடும், யாரும் மலையேறி வரவில்லை, அவ்வளவுதான். பேனலுக்குப் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் சீரியல் நம்பர் இருக்கும். ஒவ்வொரு வீட்டு நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால், எந்தத் திட்டத்தில் வாங்கியது, பராமரிப்பு யார் பொறுப்பு, எந்தத் தேதி வரைக்கும் என்று 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போங்கள்.

பழங்குடியினருக்கு 24,000 கோடி ரூபாய்த் திட்டம் என்று டிவியில் சொன்னார்கள். நான் காணி சமுதாயம், பாளையங்கோட்டையில் படிக்கிறேன். எங்கள் ஊருக்கு அதில் ஒன்றும் வரவில்லையே, ஏன்?

தம்பி, நீங்கள் சொல்வது பி.எம். ஜன்மன் திட்டம். 2023 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்டில் தொடங்கினார்கள், மொத்தம் 24,104 கோடி. ஆனால் அது எல்லாப் பழங்குடிகளுக்கும் ஆனதல்ல, மிகவும் பின்தங்கிய 75 சமுதாயங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேர்தான். காணிக்காரர் பெயர் அதில் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மலைக்குள் மணிக்கணக்காக நடந்து போக வேண்டிய இஞ்சிக்குழி மாதிரி குடியிருப்பைப் பார்த்தவர்கள், இவர்கள் அந்த ஆறு பேரைவிட வசதியாக இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, உங்களுக்கு என்ன இருக்கிறது? 2024 அக்டோபர் 2இல் தொடங்கிய 'தர்த்தி ஆபா' திட்டம் எல்லாப் பழங்குடிகளுக்கும் ஆனது. தர்த்தி ஆபா என்பது பிர்சா முண்டாவை அவர் மக்கள் அழைத்த பெயர். 79,156 கோடி, 63,000க்கும் மேற்பட்ட கிராமங்கள், வீடு, சாலை, குடிநீர், மின்சாரம், செல்போன் டவர், விடுதி என்று 17 அமைச்சகங்கள் சேர்ந்து செய்வது. மின்கம்பி இழுத்து இணைப்புக் கொடுக்க முடியாத வீடுகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் சோலார் கொடுக்க இதில் வழி இருக்கிறது. இதிலேயும் ஒரு சிக்கல் உண்டு. கிராமத்தைத் தேர்வு செய்யும்போது பொதுவாக 500 பேருக்கு மேல் மக்கள்தொகை, அதில் பாதிக்கு மேல் பழங்குடியினர் என்று பார்க்கிறார்கள். நம் பக்கத்துக் குடியிருப்புகளில் அவ்வளவு பேர் எங்கே இருக்கிறார்கள்? இருபது வீடு, முப்பது வீடுதான். கொல்லிமலை, ஜவ்வாதுமலை மாதிரி ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டப் பகுதியும் நம் மாவட்டத்தில் கிடையாது. அதனால் நெல்லைக் குடியிருப்புகள் பட்டியலில் இருந்து நழுவிப்போவது சுலபம்.

மாநில அரசின் 'தொல்குடி' திட்டத்தைத்தான் நீங்கள் முக்கியமாகப் பிடிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தது அது, பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காகவே ஆனது. மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்துக்குப் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கள் ஊர் தர்த்தி ஆபா பட்டியலில் இருக்கிறதா? தொல்குடியில் எங்கள் ஊருக்கு என்ன முன்மொழிவு போயிருக்கிறது? இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். படித்த பிள்ளை நீங்கள், இந்த வேலையை உங்கள் ஊரில் வேறு யாரைவிடவும் நன்றாகச் செய்ய முடியும்.

பாதையும் சமுதாயக் கூடமும் கேட்டோம். பணம் ஒதுக்கத் தயார், ஆனால் புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி வாங்கி வாருங்கள் என்று ஒரு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இதற்கு வழியே இல்லையா அண்ணாச்சி?

வழி இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. முண்டந்துறையில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் சொல்கிறேன்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு. பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி மற்றும் தொலைபேசிக் கம்பி, குளம், குடிநீர்க் குழாய், மழைநீர்ச் சேகரிப்பு, சிறு வாய்க்கால், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சிக் கூடம், சாலை, சமுதாயக் கூடம் என்று 13 வசதிகளை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி டெல்லி வரை போகாமல், மாவட்ட அளவிலேயே வன அலுவலர் அனுமதி கொடுக்கலாம். சோலாரும் கரண்ட் கம்பியும் அந்தப் பதிமூன்றில் இருப்பதைப் பாருங்கள். காடு என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் சரணாலயமும் தேசியப் பூங்காவும்கூட அடங்கும். ஆனால் களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், வனவிலங்குச் சட்டத்தைச் சொல்லிக் கூடுதல் கேள்வி கேட்பார்கள். அதற்கும் தயாராகப் போங்கள், ஆனால் 'முடியவே முடியாது' என்ற வாய்வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

நம் ஆட்கள் சறுக்குவது கிராமசபையில்தான். பழைய குடியிருப்பு, சர்வே செய்யாத ஊர் எல்லாமே இந்தச் சட்டப்படி கிராமம்தான், ஆகவே உங்கள் குடியிருப்புக்கே தனியாகச் சபை கூடலாம். வயதுவந்தவர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தீர்மானத்தில் 'பாதை வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அடி அகலம், எத்தனை மரம் போகும் என்று எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். நாடா பிடித்து அளக்க ஒரு நாள் போதும். ஊர்த் தலைவரான மூட்டுகாணியை முன்னால் நிறுத்தி, பெண்களையும் பேசவிட்டுச் செய்யுங்கள். தண்ணீருக்கும் பிரசவத்துக்கும் அந்தப் பாதையில் நடப்பது அவர்கள்தான்.

எனர்ஜி எபிசியன்சி என்று ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கரண்டே ஒழுங்காக இல்லாத மலையில் என்ன சிக்கனம் வேண்டிக்கிடக்கிறது? (விக்கிரமசிங்கபுரம் வாசகர்)

உங்கள் கோபம் நியாயம்தான். பாபநாசத்தில் 1944 முதலே நீர்மின்சாரம் எடுக்கிறார்கள், அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் வீட்டுக்கு வெளிச்சம் எப்போது போனது என்று யோசித்தால் எனக்கும் மனசு பொறுக்காது. ஆனால் சிக்கனம் அதிகமாகத் தேவைப்படுவது கரண்ட் குறைவாக இருக்கிற இடத்தில்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

300 வாட் பேனல் ஒன்று. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரக் கணக்கு என்றால் 1,200 வாட்-மணி. பேட்டரியிலும் வயரிலும் போனது போக 800 கையில் நிற்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 750, அதோடு தீர்ந்தது. அதே இடத்தில் கரண்டைக் குறைவாக எடுக்கும் புது ரக மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், பத்து மணி நேரத்துக்கு 300. ஒன்பது வாட் எல்.இ.டி. நாலு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180. சின்ன டிவி மூன்று மணி நேரம் 150. எல்லாம் சேர்த்து 630, செல்போன் சார்ஜுக்கும் மிச்சம் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் அகத்தியமலையில் மேகம் இறங்கினால் 300, 400 கிடைப்பதே பெரிசு. அப்போதும் பிள்ளைகள் படிக்க வெளிச்சம் இருக்கும். அதனால் மானியம் கேட்கும்போது பேனலோடு ஃபேனும் பல்பும் சேர்த்துக் கேளுங்கள், 'ஃபேன் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்றால் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பழைய ரகம்தான் வீட்டுக்கு வரும்.

78,000 ரூபாய் சூரிய வீடு மானியம் எங்களுக்குக் கிடைக்குமா?

மின்வாரிய இணைப்பும் மீட்டரும் இருக்கிற வீட்டுக்குத்தான் அது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதுதான் உச்சவரம்பு. மிச்சத்தை நீங்கள் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுக்குள்ளேயே முடிகிற வீட்டுக்கு இதில் லாபம் இல்லை, விட்டுவிடுங்கள்.

சமையலுக்கு விறகுதான். கேஸ் இணைப்பு இருந்தும் சிலிண்டர் காலியாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை.

முதலில் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், புகையோடு வருஷக்கணக்கில் இருந்த இருமலைத் தள்ளிப்போடக் கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ வரும், அதைத் தூக்கிக்கொண்டு மலையேற யாரால் முடியும்? உஜ்வலா திட்டத்தில் 5 கிலோ சிலிண்டரும் உண்டு, ஏஜென்சியில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கும் அவசரத்துக்கும் அதை வைத்துக்கொண்டு, விறகடுப்புக்குப் புகைபோக்கி வைத்துக் கட்டுங்கள். ஊரில் பொதுச் சமையல் கூடமோ அங்கன்வாடியோ கேட்டுத் தீர்மானம் போட்டால், அதிலேயே புகையில்லா அடுப்பையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். மலைக்குப் போய் ஏதாவது செய்ய ஆசை. என்ன செய்யலாம்?

தம்பி, முதல் கேள்வியை இன்னொரு தரம் படியுங்கள், உங்கள் வேலை அங்கே இருக்கிறது. ஒரு மல்டிமீட்டர், முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய உப்புத்தாள், கொஞ்சம் வாசலின், டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு. பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்கு வனத்துறையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். போனதும் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். ஊரில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்து, மூடியைக் கழற்றுவது, தகடு மூழ்குகிறதா பார்ப்பது, எவ்வளவு ஊற்றுவது என்று அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். எந்த வீட்டில் எந்தப் பேட்டரி செத்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தங்கச்சியின் மனுவோடு சேர்க்கக் கொடுத்துவிட்டு வாருங்கள். பேனலுக்கு மேலே பலாக்கிளை ஏதும் நீட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அதையும் கழித்துவிடுங்கள்.