மண்டையோடும் புத்தரும்

வணக்கம் சார்,

விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிக்கிமில் உள்ள காங்டாக் போயிருந்தோம். நீங்கள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, தேவ்ராலியில் இருக்கும் நாம்கியால் திபெத்தியவியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கும் போனோம். அம்மா பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். மண்டையோட்டுக் கிண்ணம், மனிதத் தொடை எலும்பில் செய்த ஊதுகுழல், தங்கா என்ற துணி ஓவியங்களில் கோரைப்பல்லும் கபால மாலையுமாக உருவங்கள். "புத்தர் சாமி இப்படியாடா இருக்கும்?" என்று கேட்டார். இது பௌத்தம்தானா, இல்லை பழைய திபெத்தியப் பேய் வழிபாடு வந்து ஒட்டிக்கொண்டதா? அப்புறம், வீட்டுக்கு ஒரு தங்கா வாங்கலாமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

அம்மா கேட்டது நியாயம். நமக்குப் புத்தர் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நாகப்பட்டினத்து வெண்கலங்கள் மாதிரி, சாந்தமாக நிற்பவர். அந்தக் கண்ணோடு காங்டாக்கில் நுழைந்தால் திக்கென்றுதான் இருக்கும்.

ஆனால் 'ஒட்டிக்கொண்டது' என்பதை நான் ஒப்பமாட்டேன். திபெத்தின் பழைய தெய்வங்கள் பல காவல் தெய்வங்களாக உள்ளே வந்தது உண்மைதான், ஆனால் கபாலமும் எலும்பும் பெரும்பாலும் இங்கிருந்து அங்கே போனவை. மயானத்தில் உட்கார்ந்து தாந்திரிகத் தியானப் பயிற்சி செய்த சித்தர்கள், அவர்கள் வழியை நூலும் சடங்குமாக ஆக்கிக்கொண்ட நாளந்தா, விக்கிரமசீலா போன்ற மடங்கள், அவற்றைத் தேடி இமயத்தைத் தாண்டி வந்த திபெத்தியர்கள் என்று அதற்கு ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அங்கே வணங்கப்படும் மகாகாளன், சிவனின் பெயராக நாம் அறிந்தவர்தானே, நமக்கு அந்நியரா என்ன?

அந்த எலும்பு ஊதுகுழலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் காங்லிங். மாசிக் லப்ட்ரோன் என்ற திபெத்திய யோகினியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சடங்கில் அதை ஊதுவார்கள். சாதகர், அதாவது அந்தப் பயிற்சியைச் செய்பவர், மயானம் போன்ற பயங்கரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பேய்களை வரவழைத்து, தன் உடம்பையே வெட்டி அவற்றுக்கு விருந்து வைப்பதாக மனதில் காண்பார். பேயை விரட்டும் வேலையே அங்கே இல்லை. 'நான்' என்ற பிடிப்பு அறுபடவேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லாமல் கண்ணாடிக்குள் வைத்தால் வெறும் எலும்பாகத்தான் தெரியும், எந்த அருங்காட்சியகத்துக்கும் உள்ள கோளாறு இது.

கோர உருவங்களும் அப்படித்தான். வஜ்ரபைரவர் என்று ஒருவர், எருமைத்தலை, மொத்தம் 9 தலை, 34 கை, 16 கால். எங்காவது தங்காவில் பார்த்தால் கீழேயிருந்து மெதுவாக மேலே போங்கள். உச்சியில் சின்னதாக ஒரு சாந்தமான முகம் இருக்கும், அது ஞானத்தின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீ. யமனை அடக்க அவரே எடுத்த கோலம்தான் கீழே இருக்கும் அத்தனையும். சாதகர் அந்த உருவத்தை ஒரு கை விடாமல் மனதில் எழுப்பிப் பிறகு கரைக்கவேண்டும். ஆகவேதான் நம் ஸ்தபதிகளைப் போல அவர்களும் அளவுக்கோடு போட்டு, இம்மி பிசகாமல் வரைகிறார்கள்.

தங்கா தாராளமாக வாங்கலாம். அச்சா கையால் வரைந்ததா என்று கேட்டு வாங்குங்கள், பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். முறையாகப் பிரதிஷ்டை செய்ததென்றால் உருவத்தின் தலை, தொண்டை, நெஞ்சுக்கு நேர் பின்னால் 'ஓம் ஆ ஹூம்' எழுதியிருப்பது வழக்கம். அம்மா இருக்கிற வீட்டுக்கு வஜ்ரபைரவர் வேண்டாம், சாந்தமான பெண் தெய்வமான பச்சைத் தாரா போதும்.