பர்ஸில் இருக்கும் மாத்திரையைப் பற்றி முதலில்

கேள்வி: வயது 54. கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, பீடியும் உண்டு. ஓராண்டாக விறைப்பு சரியாக வருவதில்லை. சுவர் விளம்பரத்தில் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். புதுச்சேரி நண்பர் ஒரு நீல மாத்திரையைத் தந்து, ரத்தக்குழாயே சரியாகிவிடும் என்கிறார். சாப்பிடலாமா? (மாடி ஏறும்போது நெஞ்சு அடைத்தால் நாக்கின் அடியில் வைக்க ஒரு மாத்திரை பர்ஸில் இருக்கிறது.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. நாக்கின் அடியில் வைப்பது பெரும்பாலும் நைட்ரேட் வகை மாத்திரை. நண்பர் தந்தது சில்டெனாஃபிலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வழியில் ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடாது. இடையில் நெஞ்சு அடைத்தால் என்ன செய்வீர்கள்? வேண்டாம்.

சர்க்கரை நரம்பையும் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர் விளம்பரக்காரர்கள் உங்கள் நெஞ்சைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. உட்சுவர் கெடும்போது சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்; பலருக்கு நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே. உங்களுக்கு இரண்டும் வந்துவிட்டன. ஆகவே முதலில் இதய மருத்துவர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வேகநடை போடுவதும் அவர் சரி என்ற பிறகுதான்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. நீல மாத்திரை சில மணி நேரம் குழாயை விரிக்கும், பழுதுபார்க்காது. (நெஞ்சுவலிக்கென்று சோதித்தபோதுதான் அதன் இந்தக் குணமே தெரிந்தது, 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.) குழாயைக் காப்பவை கவர்ச்சியில்லாத மாத்திரைகள்: சர்க்கரைக்கு, அழுத்தத்துக்கு, கொழுப்புக்கான ஸ்டாட்டின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7க்குள் வரட்டும். பலன் தெரிய மாதங்களாகும். முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பீடி போகாவிட்டால் இவ்வளவும் வீண்.

சில அழுத்த மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரக் கேளுங்கள். இதயம் சீராகி நைட்ரேட் தேவையில்லை என்றானால் நீல மாத்திரையை உங்கள் மருத்துவரே எழுதித் தரக்கூடும். இல்லையென்றால் வெற்றிடக் கருவி, ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. போகும்போது நண்பர் தந்த மாத்திரையையும் பர்ஸில் இருப்பதையும் மருத்துவரின் மேசைமேல் சேர்த்தே வையுங்கள்.