அலுமினியம் பிளாக்குன்னா ரீபோரே கூடாதா? உங்க எஸ்டீமுக்கு அப்படி இல்லைங்க

வணக்கம் நண்பா. மாருதி எஸ்டீம் கார் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது, அலுமினியம் பிளாக்குங்கறதால ரீபோர் (தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு கொஞ்சம் பெருசாக்கறது) பண்ணவே முடியாது, பிளாக்கைத் தூக்கிப் போடுங்கன்னு மெக்கானிக் சொன்னதா எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. அவர் சொல்றது நிக்கசில் (நிக்கல் பூச்சு), அலுசில் (சிலிக்கான் கலந்த அலுமினியம்) மாதிரி லைனரே (பிஸ்டன் ஓடற உள்குழாய்) இல்லாத பிளாக்குகளுக்குத்தான் ஓரளவு பொருந்தும், உங்க ஜி13 இன்ஜின்ல அலுமினியத்துக்குள்ள வார்ப்பிரும்பு லைனர் இருக்கு, அதைத் தாராளமா போர் பண்ணலாம்.

ஆனா ஹெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள உருவாகற அழுத்தம்) பாருங்க. சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்குக் கீழ காட்டுற சிலிண்டர்ல பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறினா பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சிருக்கு, ஏறலைன்னா வால்வு பக்கம் சந்தேகப்படணும். கம்ப்ரஷன் நல்லாவே இருந்து காலைல ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் நீலப்புகைன்னா வெறும் வால்வு சீலாக்கூட இருக்கும், செலவு ரொம்பக் கம்மி.

கழட்டிட்டீங்கன்னா லைனர் மேல் ஓரத்துல, ரிங் ஏறி நிக்கற இடத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க, தேஞ்சிருந்தா படி மாதிரி தட்டும். அதோட நிறுத்தாம போர் கேஜ் (உள்விட்டம் அளக்கற கருவி) போட்டு மேல, நடுவுல, கீழன்னு ரெண்டு திசையிலயும் அளக்கச் சொல்லுங்க, வித்தியாசம் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டினா ரீபோர்தான், கம்மியா இருந்து கீறலும் இல்லைன்னா ஹோனிங் (உள்சுவரை லேசா உரசிச் சீராக்கறது) பண்ணி புது ரிங் போதும்.

முக்கியமா, ஓவர்சைஸ் பிஸ்டன் (பெருசாக்கின போருக்கு ஏத்த பெரிய பிஸ்டன்) கைக்கு வந்தப்புறம்தான் போர் பண்ண விடுங்க. என் வண்டிக்கு ஒரு பட்டறையில முதல்லயே 0.50 மில்லிமீட்டர் போர் பண்ணிட்டாங்க, அந்த சைஸ் பிஸ்டன் கிடைக்காம கடைசில நாலுக்கும் புது லைனர் இறக்க வேண்டியதாப் போச்சு. அளவு எடுத்ததும் இங்க போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.